தலைப்பிரசவச் செலவு

பெருமுக்கல் கிராமத்து வெயில் ஓட்டுச் சந்து வழியே குழந்தையின் முகத்தில் விழுகிறது. அம்சா முந்தானையால் மறைக்கிறாள். பிரசவச் செலவு பற்றிய ஆய்வுக்கு வந்திருக்கும் வெனிலா மறுபடியும் கேட்கிறாள். "இந்த வூட்ல ஒண்ணும் செலவில்லீங்க. தலைப்பிரசவம் எங்கம்மா வூட்லதான்" என்கிறாள் அம்சா. பேத்தியைப் பார்க்க வந்த அந்த அம்மா கதவோரம் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருக்கிறாள். கம்மல் அடகுக்குப் போன காதுத் துளையில் வேப்பங்குச்சி. "என்னக் கேளும்மா, நான் சொல்றேன்." வெனிலாவுக்கு ஆத்திரமாக வருகிறது, இவர்கள்மேல் அல்ல. "வந்து போறவங்கள கேக்கக் கூடாதாம்மா. இந்த வூட்டுச் செலவ மட்டும்தான் எழுதணுமாம்." தாள் கிழியும்படி அழுத்திப் பூஜ்யம் போடுகிறாள். மல்லாட்டை உடைபடும் சத்தம் நிற்கிறது. அம்மா எட்டிப் பார்த்துக் கேட்கிறாள்: "முட்டையா போட்டுட்ட?"