பொட்டு வைத்த பட்டன்

ஆயுத பூஜையன்று அந்த வீட்டுப் பழைய கம்ப்யூட்டரின் பவர் பட்டனுக்கு முதல்முறையாகச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். பட்டனுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. வீட்டுக்காரர் எழிலரசன் ஒயர்களைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தார், மானிட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணே, அவர் அழுத்துறப்ப நீங்க முழுசா உள்ளே போகலையே," என்றது கீபோர்டு.

"போனா பொட்டு உதிர்ந்துடும்டா. இத்தனை வருஷம் குத்தின கை, நேத்துதான் கும்பிட்டுச்சு."

ஒரு தடவை உள்ளே போய் வந்தால் போதும் என்று பட்டனுக்கும் தெரியும். யோசித்தது. விரல் மறுபடி வந்தபோது கல்லாக நின்றது.

அடுத்த வாரம் பழைய சாமான் வண்டியில் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. கீபோர்டு அண்ணாந்து பார்த்தது.

"பொட்டு அப்படியே இருக்குண்ணே."