திசை மாறிய நாற்காலி

தெற்கு பாஸ்டனின் இந்தத் தெருவில், புயலுக்குப் பின் பனியை வாரி இடம் பண்ணியவர் அதில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டால், வேறு யாரும் அங்கே வண்டியை நிறுத்தக் கூடாது. ஐலீன் இரண்டு நாள் முதுகொடிய வாரிய இடத்தில் அவளுடைய மஞ்சள் நாற்காலி இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் தெருவைப் பார்த்திருந்தது, இப்போது சுவரைப் பார்க்கிறது. அதன் காலடியில் புது டயர் தடம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் நின்ற கால் கடுக்க, காரை நடுத்தெருவில் உறுமவிட்டு இறங்குகிறாள். எதிரே, யாரும் நிறுத்தக் கூடாத தீயணைப்புக் குழாயை ஒட்டி நிற்கிறது எதிர்வீட்டு டெக்லனின் நீலக் கார். அவன் சாவிக்கொத்தை விரலில் சுழற்றுகிறான்.

“இங்க யாராச்சும் நிறுத்தினாங்களா?”

“ஐயோ அக்கா, உங்க வாய்க்கு யாரு ஈடு கொடுக்கறது? நான் பகலெல்லாம் பக்கத்து ஊர் குவின்சியில அத்தை வீட்டுல. இப்பதான் வர்றேன்.”

ஐலீன் கையுறையைக் கழற்றி நீலக் காரின் இன்ஜின் மூடியில் உள்ளங்கையை வைக்கிறாள். ஜில்லென்று இருக்கிறது. குவின்சியிலிருந்து ஓடி வந்த கார் இப்படிக் குளிராது. தெருவை மட்டும் கடந்து வந்த கார்தான் குளிரும். அவள் நிதானமாகக் கையுறையை மாட்டிக்கொள்கிறாள்.

“நாளைக்கும் ஏழு மணிக்குத்தான் கிளம்புவீங்களாக்கா?” டெக்லன் அன்பொழுகக் கேட்கிறான்.

“நாளைக்கு எனக்கு லீவு.”

சாவிக்கொத்து சுழல்வது நின்றுவிடுகிறது.