கறுப்பையா ஜீப்பின் இரைச்சல்

"சத்தம் போயிடுச்சு தம்பி. அதைத் திருப்பிக் கொண்டு வந்து குடு."

இன்ஷாபுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினெட்டு வருசமாகக் குண்டசாலையில் கராஜ் நடத்துகிறான். சத்தம் கேட்கிறது என்று வண்டியைக் கொண்டு வந்தவர்கள் ஏராளம். கேட்கவில்லை என்று கொண்டு வந்தவர் கறுப்பையா முதலாளி ஒருவர்தான்.

தெல்தெனியவில் இரும்புக்கடை வைத்திருப்பவர். அவருடைய ஜீப்புக்கு வயது நாற்பது. கறுப்புப் புகை கக்குகிறது, மேட்டில் இழுக்கவில்லை என்று போன வாரம் கொண்டு வந்து விட்டிருந்தார்.

பொனட்டைத் திறந்தால், எஞ்சினுக்குக் காற்றுப் போகிற ரப்பர் ஹோஸ் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. எயார் பில்டர் பெட்டிக்கு மூடியே இல்லை. இன்ஷாப் எல்லாவற்றையும் புதிதாக மாற்றி, காற்று இரைச்சலை அடக்குகிற சின்னப் பெட்டி ஒன்றையும் தேடிப் பிடித்துப் பூட்டிவிட்டான். ஜீப் பூனைக்குட்டி மாதிரிப் போனது.

அதில் அவனுக்குத் தனிச் சந்தோசம். அவன் வீடும் கறுப்பையாவின் வீடு இருக்கிற அதே மேட்டுப் பாதையில்தான். பின்னேரம் ஐந்து மணிக்கு அந்த ஜீப் முதல் கியரில் ஊர்ந்து ஏறினால், டீவியும் கேட்காது, போனும் பேச முடியாது.

அவர் இப்படி இரைச்சலோடு வருவதெல்லாம் தன் பக்கத்து வீட்டு வடிவம்மாவை வெறுப்பேற்றத்தான் என்று பாதையில் உள்ள அத்தனை வீடும் சொல்லும். தன் கூரைக்கு மேல் நீண்டிருந்த வடிவம்மாவின் பலாக்கிளையைக் கேட்காமல் வெட்டிவிட்டார் கறுப்பையா. அந்தச் சண்டையில் இரண்டு வருசமாக ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை.

"மொதலாளி, பகிடி பண்ணாதீங்க. வண்டி இப்ப நல்லா இழுக்குதுதானே?"

"நல்லா இழுக்குது. டீசலும் மிச்சம். ஆனா எனக்கு அந்தப் பழைய சத்தம் வேணும்."

"திரும்ப ஹோஸ வெட்டி விடச் சொல்றீங்களா? தூசி உள்ளுக்குப் போய் எஞ்சின் செத்துப் போகும்."

"எஞ்சினும் சாகக் கூடாது. சத்தமும் வேணும். நீ கெட்டிக்காரன்தானே, ஏதாச்சும் செய்."

இன்ஷாபுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வயசுக்குப் பிறகும் மனுசனுக்கு இவ்வளவு வன்மமா?

"மன்னிச்சிக்கோங்க மொதலாளி. அடுத்த வீட்டு ஆக்களுக்குக் கரைச்சல் குடுக்கிற வேலைய நான் செய்ய மாட்டேன். வேற கராஜ் பாருங்க."

கறுப்பையா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று.

"சரி, என்னோட ஒருக்கா வீட்டுப் பக்கம் வா. ஜீப் வேணாம், நடந்தே போவோம்."

இருவரும் மேடு ஏறினார்கள். அவரும் மனைவியும் காலையில் கடைக்குப் போனால் பின்னேரம்தான் திரும்புவார்கள், பகலில் வீட்டில் ஆளிருக்காது. வளைவுக்கு வந்ததும் கறுப்பையா இன்ஷாபின் கையைப் பிடித்து ஒரு புதருக்குப் பின்னால் இழுத்தார். சொந்த வீட்டைத் திருடன் மாதிரி எட்டிப் பார்த்தார்.

இன்ஷாபும் பார்த்தான்.

கறுப்பையாவின் முற்றத்துக் குழாயடியில் வடிவம்மா. இரண்டு கேன் நிரம்பியிருந்தது. மூன்றாவதைப் பிடித்துக்கொண்டே, காதைப் பாதைப் பக்கம் தீட்டி வைத்திருந்தார். பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கி வேலி இடுக்கு வழியாகத் தன் வளவுக்குள் நகர்த்தினார்.

"மொதலாளி, அது உங்கட தண்ணி..."

"மெதுவாப் பேசு." கறுப்பையா கல்லொன்றின் மேல் உட்கார்ந்தார். "அவங்க கிணறு வத்தி மூணு மாசமாகுது. பைப் தண்ணியும் இந்த மேட்டுக்கு ஏறுதில்ல. எங்க குழாய்க்கிணத்துல மட்டுந்தான் தண்ணி இருக்கு."

"அப்ப கூப்பிட்டுக் குடுக்கலாமே?"

"வாங்குவாங்களா? ரோசக்காரி. என் கையால குடுத்தா, ரெண்டு பேரப்பிள்ளைங்களையும் வச்சிக்கிட்டு தாகத்துல கிடப்பாங்களே தவிர, தொட மாட்டாங்க."

இன்ஷாப் மறுபடியும் குழாயடியை எட்டிப் பார்த்தான்.

"முந்தியெல்லாம் சந்தியில திரும்பும்போதே என் ஜீப் சத்தம் இங்க கேக்கும். நான் முதல் கியர்ல ஊர்ந்து வந்து சேர்றதுக்குள்ள அவங்க வேலிக்கு அந்தப் பக்கம் போயிடுவாங்க. செவ்வாக்கிழமை நீ செஞ்சு குடுத்த வண்டியில சத்தமே இல்லாம கேட் வரைக்கும் வந்துட்டேன். குனிஞ்சு தண்ணி பிடிச்சிக்கிட்டு இருந்தாங்க. நல்லவேளை, திரும்பிப் பாக்கல. நியூட்ரல்ல போட்டு வண்டியப் பின்னுக்கு உருட்டிக்கிட்டு ஓடிட்டேன். பாத்திருந்தா அன்னையோட நிறுத்தியிருப்பாங்க. அந்தப் பிள்ளைங்களுக்கு அப்புறம் தண்ணி ஏது?"

இன்ஷாபுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. அந்த வெட்கத்திலேயே மூளையும் வேலை செய்தது.

"நான் போட்ட சின்னப் பெட்டியக் கழட்டிடுறேன் மொதலாளி. பில்டருக்கு முன்னால அகலமான இரும்புக் குழாய் ஒண்டு வச்சு, பொனட்டுக்கு மேல தூக்கி விடுவம். பில்டர் அப்பிடியே ஈக்கும், தூசி போகாது. சத்தம் மட்டும் பழசை விட நல்லா ஏறும். இண்டைக்கே செஞ்சி தாறேன்."

"அதான் வேணும் தம்பி, அதான் வேணும்." கறுப்பையாவின் முகம் மலர்ந்துவிட்டது.

இருவரும் சத்தம் காட்டாமல் பாதி தூரம் இறங்கிய பிறகுதான் இன்ஷாபுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏன் மொதலாளி, இதுக்குப் போய் இவ்வளவு வேலையா? வளைவுல வச்சு ஒரு ஹோர்ன் அடிச்சாப் போதாதா?"

கறுப்பையா நின்று அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"ஹோர்ன் அடிச்சா, எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடுமே தம்பி."