உள்ளே ஒன்றும் இல்லை

கதிர்வீச்சு அளக்கும் கருவியின் ஈயக் கதவை மூடிவிட்டு அவள் திரையைப் பார்த்தாள். எண் ஏறிக்கொண்டே போனது.

உள்ளே இருந்தது பால். பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டிய பால்.

இதற்கு முன் வைத்த குழாய்த் தண்ணீரும் இப்படித்தான். கீரையும் இப்படித்தான்.

அணு உலையில் விபத்து என்று நேற்று அறிவித்தபோதே, காற்று கடல் பக்கம் அடிக்கிறது, ஊருக்கு ஆபத்தில்லை என்றும் சொல்லியிருந்தார்கள். அது உண்மையா என்று அளந்து சொல்வது அவள் வேலை.

முன்னால் விழுந்த பின்னலைக் கையுறைக் கையாலேயே தூக்கிப் பின்னால் போட்டாள்.

"ஊரைக் காலி பண்ணச் சொல்லிடலாமா சார்?"

ஆய்வகத் தலைவருக்கு அங்கே ஈயக்கட்டி என்று பெயர். எதற்கும் அசையமாட்டார். இன்று அவருக்கும் நெற்றி வேர்த்திருந்தது.

"ஒண்ணும் வைக்காம ஒருதடவை ஓட்டிப் பாரு."

பாலை எடுத்துவிட்டு கருவியின் வெறும் கூட்டை மூடினாள்.

உள்ளே ஒன்றும் இல்லை. எண் அப்போதும் ஏறியது.

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தேவிட்டார். அப்படியானால் பாலில் இல்லை, தண்ணீரில் இல்லை. ஊர் பிழைத்தது. யாரோ கதிரியக்கத் தூசியை இந்த அறைக்குள் கொண்டுவந்து கருவியில் ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கைக்கருவியை எடுத்து மேசைமேல் காட்டினார். டிக்... டிக். வாசல்படி, செருப்புகள், தன் உள்ளங்கை. டிக்... டிக்.

அவள் பக்கம் திருப்பினார்.

கையுறையில் படபடவென்று பொரிந்தது. பின்னலில் அதைவிட. இடது தோளில், கழுத்தோரமாய், ஒரே இரைச்சலாகிவிட்டது.

அவர் சிரிப்பு நின்றது.

"பின்னலைத் தொட்ட கையால கூட்டுக்குள்ளயும் தொட்டிருக்க. சரி, உன் தோளுக்கு எப்படிம்மா வந்துச்சு? நீ உலைப் பக்கமே போகலையே?"

அவள் போகவில்லை.

விடியற்காலையில் கதவைத் திறந்ததும், அவள் கணவன் அந்தத் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றான். வெகுநேரம் நின்றான். உலையில் பம்பு பார்க்கிறவன் அவன். எங்களை வெளிவாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள், உள்ளே விடவே இல்லை என்று அவள் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தான்.

அசதி என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கையுறைகளை உரித்து எறிந்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தாள். மகள்தான் எடுத்தாள். கிசுகிசுவென்று பேசினாள்.

"அப்பாவா? தூங்குறாரும்மா. எழுப்ப மாட்டேன், போ. நான் அவர் நெஞ்சு மேலதான் படுத்திருக்கேன்."