முன்னயா, பின்னயா

பீளமேட்டில், மோட்டார் பட்டறையாக இருந்த தகரக் கூரைக்குக் கீழே ஒரு ஜிம். கூரை ஓட்டை வழியே விழும் காலை வெயில் என் வழுக்கையைத் தேடிப்பிடித்து உட்கார்ந்திருக்கிறது. நான் நிமிர்ந்து நிற்கிறேன். இரண்டு முனையிலும் எடைத் தட்டுகள் மாட்டிய கம்பி என் கையில், தொடையோடு ஒட்டி நிற்கிறது. நாளை ஐம்பது வயது பிறப்பதற்குள் நூறு கிலோவைத் தரையிலிருந்து தூக்கிக் காட்டுவதாக வீட்டில் சவால் விட்டிருந்தேன். தூக்கிவிட்டேன். ஆனால் யாரும் கைதட்டவில்லை. பக்கத்தில் பயிற்சி செய்யும் பிரவீனா கம்பியின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்க்கிறாள். "ஏனுங்க மாஸ்டர், எல்லாத்துலயும் இருபதுன்னுதான் போட்டிருக்குது. இந்தப் பக்கத்துத் தட்டு மட்டும் தடியா இருக்குதுங்களே?" ஜிம் நடத்தும் கிருபாசங்கர் குனிகிறார். தட்டுகள் எல்லாம் அவருடைய மச்சான் பவுண்டரியில், பம்புசெட்டுக்கு உருக்கியதில் மீந்த இரும்பை ஊற்றி வார்த்தவை. அதில் அவருக்கு ஏகப் பெருமை. "வார்ப்புங்க. ஒண்ணு ரெண்டு கிலோ முன்னப்பின்ன இருக்குமுங்க." "முன்னயா, பின்னயாங்க?" என் குரல் கீச்சென்று வருகிறது. அவர் பிடரியைச் சொறிகிறார். "எடை போட்டாத்தானுங்க தெரியும்." அவருடைய வாடிய முகத்தைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. பிரவீனா மூலையில் கிடந்த எடை மெஷினைக் காலால் தள்ளிக்கொண்டு வருகிறாள். "கீழ வையுங்ண்ணா, கழட்டிப் பார்த்துப்போடலாம்." என் முழங்கால் தையல் மெஷின் போல ஆடுகிறது. விரல்கள் ஒவ்வொன்றாக நழுவுகின்றன. நூற்றிரண்டாகவும் இருக்கலாம், தொண்ணூற்றாறாகவும் இருக்கலாம். "ஒரு நிமிசம் இருங்க அம்மணி" என்கிறேன். கீழே வைக்கிற வரைக்கும் இது நூறு.