பதினோராம் நம்பர் அதிர்வு

நிலநடுக்க ஆய்வுக்கூடத்துக்குப் புதுக் கருவி வந்ததிலிருந்து ஞானசேகரனுக்குத் தலைவலிதான். பத்து மைலுக்குள் எறும்பு தும்மினாலும் திரையில் கோடு துள்ளும். ஒவ்வொரு துள்ளலுக்கும் காரணம் எழுதுவது அவன் வேலை.

"பதினோராம் நம்பர் குவார்ட்டர்ஸ்ல தினம் மூணு மணிக்கு என்னய்யா குதிக்குது?" என்றார் இயக்குநர்.

அது ஞானசேகரனின் வீடு. கோட்டைப் பார்த்தான், அசல் குத்தாட்டம். அந்நேரம் அங்கே இருப்பது, மூட்டுவலி என்று கடைத்தெருவுக்குக்கூட அவனோடு வராத மனைவி மரகதவல்லி மட்டும்தான்.

"தண்ணி லாரி சார்" என்று சொல்லி, அப்படியே பதிந்தான்.

சாயங்காலம் அவள் நொண்டிக்கொண்டே வந்து கதவைத் திறந்தாள்.

"நாளையிலேர்ந்து ரெண்டு மணி நேரம் லேட்டாத்தான் வருவேன்" என்றான்.

"அடப் பாவமே!" என்றவள், காபி போட நொண்டாமல் ஓடினாள்.