ஆபீசர் மேல் கேஸ்

“பாம்புக்குப் பால் வாத்த கதையால்ல இருக்கு!”

கடலூரில் அந்த ஆபீஸ் வராண்டாவில் பொன்னி வந்து நின்றதுமே சூப்பிரண்டு ராஜாமணி ஆரம்பித்துவிட்டார்.

பின்னே? ஜீப் டிரைவர் கதிர்வேல் செத்தபோது பாடைக்குத் தோள் கொடுத்தவர் ஆபீசர் சபாபதி. அந்தக் கதிர்வேலின் பெண்டாட்டி, அதே ஆபீசர் மேல் ஹைகோர்ட்டில் ரிட்டு போட்டிருக்கிறாள் என்றால், யார்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்கள்?

விஷயம் இதுதான். சர்க்கார் வேலையில் இருக்கும்போது புருஷன் செத்தால் வீட்டில் ஒருவருக்கு வேலை உண்டு. ஆனால் கெடுவுக்குள் மனு கொடுக்க வேண்டும். பொன்னிக்கு அது தெரியாமல் கெடு தாண்டிவிட்டது. மனு தள்ளுபடி என்று சபாபதி எழுதிவிட்டார்.

பொன்னி ஹைகோர்ட்டுக்குப் போனாள். தள்ளுபடி செய்தது செல்லாது, வேலை கொடு என்று தீர்ப்பும் வாங்கிவிட்டாள். அதைக் கொண்டுவந்துதான் இன்றைக்கு நிற்கிறாள்.

“ஏம்மா, உனக்கு நன்றி கின்றி எதுவும் கெடையாதா? ஐயாவையே கோர்ட்டுக்கு இழுத்துட்டியே!” என்றார் ராஜாமணி.

“ஊட்டுக்கு ஊடு கலர் டிவி குடுத்தாங்கல்ல சார்? அதுல கோர்ட்டு சீனாப் பாத்து, இவளும் சட்டம் பேச வந்துட்டா,” என்றாள் டைப்பிஸ்ட் சந்திரலேகா.

“அது சரி, சிதம்பரத்துல ஊடு ஊடா பாத்திரம் தேய்க்கிறவளுக்கு மெட்ராஸ்ல வக்கீல் புடிச்சுக் குடுத்தது எவன்?” என்றார் ராஜாமணி.

பொன்னி தீர்ப்புக் காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். இந்த வேலை இல்லையென்றால் பெரிய மகளும் படிப்பை விட்டுவிட்டுப் பாத்திரம் தேய்க்க வரவேண்டியதுதான். நாலு பேச்சு வாங்கினால் உடம்பிலா ஒட்டப் போகிறது?

“ஐயா தெய்வம்! அவுங்க மனசு என்னா பாடு பட்டிருக்கும்!” ராஜாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கிற அளவுக்குத் தண்ணீர் இருந்த மாதிரி தெரியவில்லை.

உள்ளே மணி அடித்தது. பொன்னி போனாள்.

“எம்மேலயே கேஸா?” ஆபீசர் போட்ட சத்தத்தில் வராண்டாவே கிடுகிடுத்தது. “ஹைகோர்ட்டே சொல்லிட்டா நான் என்னா செய்யறது? எல்லாம் என் தலையெழுத்து! மொதல்ல அந்தக் கதவச் சாத்து!”

வெளியே ராஜாமணிக்கு இளநீர் குடித்த மாதிரி இருந்தது.

கதவு சாத்தியதும் ஆபீசரின் குரல் அப்படியே இறங்கிவிட்டது.

“ஒக்காரும்மா. நான் சொன்ன வக்கீல் ஒழுங்கா பாத்துக்கினாரா?”

“நல்லா பாத்துக்கினாருங்கய்யா.” பொன்னி காலில் விழுந்தாள்.

“அட, எழுந்திரு. வெளில போறப்ப மூஞ்சிய உம்முனு வச்சிக்கினு போ.”

வேலை உத்தரவில் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார்.

பொன்னிக்கு மனசு ஆறவில்லை. “இத அப்பவே நீங்களே போட்டிருக்கலாமேய்யா. உங்களுக்கும் பேச்சு, எனக்கும் பேச்சு...”

ஆபீசர் பேனாவை மூடினார்.

“நானா எரக்கப்பட்டுப் போட்டிருந்தா, காசு வாங்கிட்டேன்னு மறுநாளே எம்மேல மொட்டப் பெட்டிஷன் எழுதியிருப்பான் ராஜாமணி. இப்ப ஹைகோர்ட்டு மேல எழுதட்டும், பாப்போம்!”